முறத்தில் புடைத்த வியாழன்

சேலத்திலிருந்து தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு ஏற்காடு ஏறுகிறவர்களைக் கேட்டால் ஒரே காரணம்தான் சொல்வார்கள்: "மேலே வானம் நல்லா இருட்டா இருக்கும்." நெபுலாவையும் பால்வெளியையும் தேடிப் போகிறவருக்கு அது சரியான காரணம். கோள்களைப் படம்பிடிக்கப் போகிறவருக்கு அது ஒரு காரணமே அல்ல. வியாழனும் வெள்ளியும் அஸ்தம்பட்டி ரவுண்டானா விளக்குகளுக்கு நடுவே நின்று பார்த்தாலும் பளிச்சென்று தெரிபவை. அவற்றுக்கு இருட்டு வேண்டாம், அசையாத காற்று வேண்டும். இந்த வித்தியாசம் புரிவதற்குள் நான் மூன்று முறை இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கிவிட்டேன்.

மூன்றாவது பயணம் ஒரு ஜனவரி இரவு. நாகலூர் சாலையில் நண்பரின் காபித் தோட்டம். என்னிடம் இருப்பது 127 மில்லிமீட்டர் வாய் அகலமுள்ள மக்சுடோவ் வகைத் தொலைநோக்கி. தோளில் மாட்டிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான் அதன் அளவு. காபி காயவைக்கும் சிமென்ட் களம் சமதளமாக இருந்தது. முக்காலியை அங்கேயே நட்டேன். ஏழு மணிக்கு லேப்டாப் திரையில் வியாழன் வந்தது. வந்தது என்பதைவிடக் கொதித்தது என்பதே சரி. உலையில் புரளும் அரிசி மாதிரி விளிம்பு நெளிந்து, பட்டைகள் கரைந்து, வட்டம் முட்டையாகி மறுபடி வட்டமானது.

தவறு காற்றுடையது அல்ல, என்னுடையது. சேலம் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 278 மீட்டரில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஏறும்போதே ஏழெட்டு டிகிரி குறைந்துவிடும். காருக்குள் கிடந்த குழாய் சேலத்துச் சூட்டைத் தன்னோடு மலைக்குக் கொண்டுவந்திருந்தது. முன்னால் கனமான கண்ணாடி போட்டு மூடிய இந்த வகைக் குழாய் வெளிக் காற்றின் குளிருக்கு இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை உள்ளே அடைபட்ட வெதுவெதுப்பான காற்று கண்ணாடி முன்னால் சுழன்றுகொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, பகலெல்லாம் வெயில் குடித்த சிமென்ட் களம் கீழேயிருந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. எட்டரைக்குப் புல்தரைக்கு மாறினேன். பத்தரைக்கு மேல்தான் படம் அசையாமல் நின்றது. அதற்குள் முன் கண்ணாடியில் பனி படர ஆரம்பித்திருந்தது. சார்ட் அட்டையைச் சுருட்டி முகப்பில் மாட்டி அதைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போட்டேன். சில்வர் ஓக் மரங்களுக்கு அப்பால் ஏதோ பெரிதாக நடக்கும் சத்தம். காட்டெருமையாக இருக்கலாம் என்று காவலர் சொன்னதால் டார்ச்சை அந்தப் பக்கம் அடிக்காமல் இருந்தோம்.

மொத்தத்தில் நாலு மணி நேர இரவில் எனக்குக் கிடைத்தது இரண்டு நிமிட வீடியோக்கள் மூன்று. இது மோசமான கணக்கு அல்ல. இந்தக் கலையில் இதுதான் வழக்கமான மகசூல்.

ஏன் வீடியோ? வானத்தில் வியாழனின் குறுக்களவு 45 விகலை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பாகையை 3,600 பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு விகலை. 1,500 மி.மீ. குவியத் தூரம் உள்ள என் தொலைநோக்கி கேமராவின் சிப் மேல் விழவைக்கும் வியாழன் 0.33 மில்லிமீட்டர். கடுகைவிடச் சிறியது. பார்லோ லென்ஸ் போட்டு இரட்டிப்பாக்கினாலும் கடுகளவை எட்டாது. இந்தப் புள்ளியை ஒரே ஒரு படமாக எடுத்தால் காற்றின் நெளிவில் எந்தக் கணம் வாய்த்ததோ அதுதான் கிடைக்கும். பெரும்பாலும் கெட்ட கணமே வாய்க்கும். ஆனால் நொடிக்கு நூறு பிரேம் வீதம் இரண்டு நிமிடம் ஓடவிட்டால் 12,000 பிரேம்கள். அவற்றுள் காற்று மூச்சைப் பிடித்துக்கொண்ட கணங்களும் சில இருக்கும். இப்படி அதிர்ஷ்டவசமாகத் தெளிவான படம் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை டேவிட் ஃப்ரீட் 1978-லேயே கணக்கிட்டு எழுதிவிட்டார். அந்தக் கணக்கு வீட்டு மாடிக்கு வந்து சேர விலை குறைந்த வெப்கேமும், 2002-ல் நெதர்லாந்துக்காரர் கோர் பெரெவோட்ஸ் வெளியிட்ட ரெஜிஸ்டாக்ஸ் என்ற இலவச மென்பொருளும் வேண்டியிருந்தன. இன்று பலரும் கையாளும் ஆட்டோஸ்டாக்கர்ட்டும் அதே நாட்டிலிருந்து வந்ததுதான்.

மென்பொருள் செய்வது நம் வீட்டு முற்றத்து வேலை. பிரேம்களை முறத்தில் இட்டுப் புடைக்கிறது. பதர் பறக்கிறது, மணி நிற்கிறது. 12,000-ல் நல்ல 1,200 மட்டும் தங்குகின்றன. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால் படத்தின் புள்ளி இரைச்சல் ஏறக்குறைய 35-ல் ஒரு பங்காகக் குறைகிறது. ஆற அமரப் பிடிக்கவும் முடியாது. வியாழன் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்ற 10 மணி நேரம்கூட எடுத்துக்கொள்வதில்லை. நாலு நிமிடத்தில் அதன் நடுப்பகுதி என் தொலைநோக்கியின் பகுப்புத் திறன் அளவுக்கு நகர்ந்துவிடும். அதற்கு மேல் ஓடவிட்டால் பட்டைகள் இழுபடும்.

இந்தப் படத்தைப் புகைப்படம் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. "ஆயிரம் படத்தைக் கலந்து கம்ப்யூட்டர் வரைஞ்சதுதானே?" என்கிறார்கள். இந்தக் குற்றச்சாட்டில் பாதி தவறு, பாதி சரி. அடுக்கும்வரை நடப்பதில் எந்தப் பித்தலாட்டமும் இல்லை. எந்த பிரேம் கூர்மையானது என்பதை மென்பொருள் ஒரே அளவுகோலால் அளக்கிறது. அங்கே இல்லாத எதையும் அது சேர்ப்பதில்லை. ஒரே சொடுக்கில் எடுத்த படத்துக்கும் இதற்கும் நேர்மையில் வேறுபாடு கிடையாது. சிக்கல் தொடங்குவது அடுத்த படியில். அடுக்கி முடித்த படம் மழுங்கலாக இருக்கும். வேவ்லெட் என்ற கருவியின் ஆறு நழுவுபட்டிகளை வலப்பக்கம் தள்ளத் தள்ள விவரங்கள் மேலெழும். முதல் பட்டியைத் தள்ளும்போது ஒரு சந்தோஷம் வருகிறதே, அதுதான் ஆபத்து. எங்கே நிறுத்துவது என்று மென்பொருள் சொல்லாது. கை சொல்லாது. ஆசை சொல்லவே சொல்லாது.

நிறுத்த வேண்டிய இடத்தை இயற்பியல் சொல்லும். 127 மி.மீ. வாய்க்கு, நெருங்கிய இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் எல்லையான டாஸ் வரம்பு 0.91 விகலை. 45 விகலை வியாழனில் அது சுமார் 2,900 கிலோமீட்டர். இந்தியாவின் வடகோடிக்கும் தென்கோடிக்கும் உள்ள தூரம் 3,214 கிலோமீட்டர். அதாவது, நம் நாட்டை அப்படியே தூக்கி வியாழனில் வைத்தால் என் தொலைநோக்கிக்கு அது ஒரு புள்ளி. சுமார் 16,000 கிலோமீட்டர் அகலமுள்ள பெருஞ்சிவப்புப் புள்ளி இதில் நன்றாகத் தெரியும். அதன் உள்ளே சுழல் சுழலாக மேகம் தெரிகிறது என்று இதே அளவுத் தொலைநோக்கிக்காரர் ஒருவர் காட்டினால் அந்தச் சுழல் நழுவுபட்டியில் பிறந்தது.

வரம்பை இரும்புக் கோடாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சனி வளையத்தின் காசினி இடைவெளி சுமார் 4,700 கிலோமீட்டர். இங்கிருந்து பார்க்க 0.7 விகலை. கணக்குப்படி என் தொலைநோக்கியில் தெரியக் கூடாது, ஆனால் தெரிகிறது. கருத்து நீண்ட கோடு என்பதால் கண்ணுக்கும் கேமராவுக்கும் எளிதில் பிடிபடுகிறது. இதே வாதத்தை நீட்டி, 325 கிலோமீட்டர் அகலமே உள்ள என்கே இடைவெளியும் என் ஐந்து அங்குலத்தில் விழுந்தது என்று சொன்னால் ஒப்ப முடியாது. அது 0.05 விகலை. செவ்வாய்ப் படங்களில் பிரகாசமான விளிம்புக்குச் சற்று உள்ளே ஆரஞ்சுத் தோல் போல ஒரு மெல்லிய கோடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். செவ்வாயில் அப்படி எதுவும் இல்லை. தொலைநோக்கிக்குள் நிகழும் ஒளியின் விளிம்பு விளைவும் அளவுமீறிய கூர்மையாக்கலும் சேர்ந்து போட்ட கோடு அது. செவ்வாய்க்கு இது புதிதும் அல்ல. 1905-ல் லோவெல் ஆய்வகத்தில் லாம்ப்லேண்ட் எடுத்த சின்னஞ்சிறு செவ்வாய்ப் படங்களில் கால்வாய்கள் பதிந்துவிட்டன என்று லோவெல் நம்பினார். 1965-ல் மாரினர் 4 நேரில் கடந்துபோய்ப் பார்த்தபோது கால்வாய் எதையும் காணோம்.

மலைக்குத் திரும்புவோம். உயரத்தால் கோள் படத்துக்கு ஏதும் லாபம் இல்லையா? உண்டு, நினைக்கும் அளவுக்கு இல்லை. 1,500 மீட்டர் ஏறினால் காற்றுமண்டலத்தில் சுமார் 15 சதவீதம் நமக்குக் கீழே போய்விடுகிறது. மீதி 85 சதவீதத்தின் வழியாகத்தான் மலையிலும் பார்க்கிறோம். அந்த 15 சதவீதத்தோடு சேலத்துப் புழுதியும் புகையும் கீழே தங்கிவிடுவது உண்மையே. ஆனால் மாலையில் சூடான சமவெளிக் காற்று மலைச்சரிவைப் பிடித்து மேலேறி, விளிம்பில் புரண்டு விழுகிறது. லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையில் நின்று சேலத்து விளக்குகளைப் பாருங்கள். அவை மினுங்குவது அழகு. அதே மினுங்கல் வியாழனில் வந்தால் இரவு வீண். சரிவின் ஓரத்தைவிட்டு உள்ளே, மரங்களும் புல்லும் சூழ்ந்த இடத்தில் முக்காலியை நடுவது மேல். எதிர்பாராத உண்மை ஒன்று: கீழே சேலத்தில், மார்கழியில் விடியற்காலை நாலு மணிக்கு, லேசான மூட்டத்தோடு காற்றே இல்லாத மொட்டைமாடியில் எடுத்த படங்கள் சில என் மலைப் படங்களைவிடக் கூர்மையாக இருக்கின்றன.

காவலூர் வானாய்வகத்தைப் பார்த்திருந்தால் இதை முன்னமே ஊகித்திருக்கலாம். கொடைக்கானலில் சூரியனை ஆராயும் ஆய்வகம் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு 1960-ல் இயக்குநராக வந்த வைணு பாப்பு, விண்மீன்களுக்கு ஓர் இடம் தேடியபோது இன்னும் உயரமான மலைக்குப் போகவில்லை. ஜவ்வாது மலையில் வெறும் 725 மீட்டரில் உள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு தொடங்கிய இடம் அது. ஏற்காட்டிலிருந்து நேர்கோட்டில் சுமார் 110 கிலோமீட்டர், ஏற்காட்டின் பாதி உயரம். மேகமில்லாத இரவுகளின் எண்ணிக்கையும் தென்வானத்தின் வீச்சும் உயரத்தைவிட முக்கியம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஏற்காட்டின் உண்மையான சொத்து உயரம் அல்ல, அட்சரேகை. 11.8 பாகை வடக்கு. கோள்கள் வான நடுக்கோட்டுக்கு 23 பாகை தெற்கே இறங்கினாலும் இங்கே உச்சத்தில் 55 பாகைக்குக் குறையாமல் நிற்கும். அதே கோள் லண்டனில் 15 பாகையில், கூரைகளுக்கு மேல் தவழும். 2018 முதல் 2020 வரை வியாழனும் சனியும் தெற்கே இறங்கிக் கிடந்த ஆண்டுகளில் ஐரோப்பியர்கள் தவித்த தவிப்பு நமக்கு இல்லை. தாழ்வான கோளின் ஒளியைக் காற்றுமண்டலம் முப்பட்டகம் போலப் பிரித்து, ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் சிவப்புமாகக் கரை கட்டிவிடும். லண்டனில் அது நம்மைவிட ஐந்து மடங்கு. அதைச் சரிசெய்ய அவர்கள் தனிக் கருவி வாங்குகிறார்கள். இங்கிலாந்தின் டேமியன் பீச் கோள் படங்களுக்காகக் கடல் கடந்து பார்படோஸ் போனார். பார்படோஸ் 13 பாகை வடக்கு. பிலிப்பைன்ஸின் கிறிஸ்டோபர் கோ படம் எடுக்கும் செபு 10 பாகை வடக்கு. நாம் நடுவில் இருக்கிறோம். அவர்களுக்குக் கடற்காற்று சீராக வீசுகிறது, நமக்கு மலைக்காற்று. அந்த ஒரு குறை உண்டு. என்றாலும் இந்த அட்சரேகை சேலத்துக்கும் உண்டு, ஆத்தூருக்கும் உண்டு. இதற்காகப் பெட்ரோல் செலவழித்து ஏற வேண்டியதில்லை.

பருவம் பெரிய எதிரி. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமேகம் மட்டுமல்ல தடை. 14 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கத்திய ஜெட் காற்று தீபகற்பத்தின் மேல் பாய்கிறது. அதை 1958-ல் விளக்கி எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். மேகம் விலகிய இரவிலும் அந்தக் காற்று படத்தைக் கலைக்கும். அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவம், ஏற்காட்டில் அதோடு மூடுபனியும். மிஞ்சுவது ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. மே மாதம் கோடை விழாக் கூட்டம் ஒரு பக்கம், சாயங்கால இடி மழை மறுபக்கம். அந்த நாலு மாதத்தில் எதிர்நிலைக்கு, அதாவது வானத்தில் சூரியனுக்கு நேர் எதிரே, வராத கோள் அந்த ஆண்டுக்கு நமக்குப் பாதிதான் கிடைக்கும்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த படத்துக்கு என்ன பயன்? ஹப்பிள் படம் செல்போனில் இலவசமாக வரும்போது மங்கலான வியாழன் எதற்கு? இந்தக் கேள்விக்கு அழகியல் பதில் எனக்குத் திருப்தி தரவில்லை. அழகில் நாம் தோற்றோம், ஒப்புக்கொள்வோம். பயன் வேறு இடத்தில் இருக்கிறது: பெரிய தொலைநோக்கிகள் எல்லா இரவும் வியாழனைப் பார்ப்பதில்லை. 2006-ல் வியாழனின் வெண்ணிற நீள்வட்டம் ஒன்று சிவப்பாக மாறியதை முதலில் கவனித்தவர் கிறிஸ்டோபர் கோ. 2009 ஜூலை 19-ல் வியாழனில் ஏதோ மோதிக் கருந்தழும்பு விழுந்ததைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலியாவின் ஆந்தனி வெஸ்லி, தன் வீட்டிலிருந்து. 2010 ஜூன் 3-ல் வியாழனில் மின்னல் போல ஓர் ஒளிவெட்டு. வெஸ்லி ஆஸ்திரேலியாவில் பதிந்தார், கோ பிலிப்பைன்ஸில் பதிந்தார். இரண்டு வீடியோக்களும் ஒன்றையொன்று உறுதிசெய்ததால்தான் அது கேமராக் கோளாறு இல்லை என்று உலகம் ஏற்றது. இவர்கள் வைத்திருப்பவை என்னுடையதைவிடப் பெரிய தொலைநோக்கிகள், உண்மைதான். ஆனால் அத்தகைய வெட்டு சிறிய தொலைநோக்கியிலும் விழக்கூடியது.

இங்கேதான் இந்தக் கலையின் மிகப் பெரிய ஓட்டை. அந்த ஒளிவெட்டு இரண்டு நொடி. இரண்டு நிமிட வீடியோவை அடுக்கிச் சராசரி எடுத்தால் அது கரைந்துபோகும். நாம் எதைப் பதர் என்று ஊதித் தள்ளுகிறோமோ அதற்குள்தான் செய்தி இருந்தது. நாமோ பளபளக்கும் இறுதிப் படத்தை வைத்துக்கொண்டு வீடியோவை அழிக்கிறோம். காரணம் புரியாமல் இல்லை. 640 பெருக்கல் 480 அளவில் 12,000 பிரேம் என்றால் 3.7 ஜிபி. ஓர் இரவுக்குப் பத்து வீடியோ எடுத்தால் ஹார்ட் டிஸ்க் தாங்காது. நானும் அழித்திருக்கிறேன். அந்த ஜனவரி இரவின் மூன்றில் இரண்டு இன்று என்னிடம் இல்லை. வீடியோவை பிரேம் பிரேமாகத் தேடி ஒளிவெட்டு உண்டா என்று சொல்லும் டிடெக்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது.

மூலப்பதிவின் மதிப்பு காவலூருக்குத் தெரியும். 1977 மார்ச் 10-ல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் ஒளியை அளந்துகொண்டிருந்தார்கள். ஒளி ஒரு கணம் தாழ்ந்தது. யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். அது துணைக்கோள் அல்ல, வளையம். அதே ஆண்டிலேயே பட்டாச்சார்யாவும் பாப்புவும் சனியினுடையது போன்ற வளைய அமைப்பு என்று அதே இதழில் எழுதினார்கள். விளக்கம் மாறியது, பதிவு மாறவில்லை. பதிவைச் சுத்தப்படுத்துகிறேன் என்று யாரேனும் அந்தத் தாழ்வை வழித்து எறிந்திருந்தால் திருத்திக்கொள்ள எதுவும் மிஞ்சியிருக்காது.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். கேமராவை மாட்டிய பிறகு நாம் வானத்தைப் பார்ப்பதே இல்லை. லேப்டாப்பையே பார்க்கிறோம். அந்த இரவு தோட்டத்துக் காவலர் பின்னால் நின்று திரையை எட்டிப் பார்த்தார். "டிவியில காட்டுறதுதானுங்களே" என்றார். கேமராவைக் கழற்றிக் கண்வில்லையைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். குனிந்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அசையுதுங்க. பக்கத்துல மூணு பொட்டு நிக்குது" என்றார். நான் இரவெல்லாம் ஒழிக்கப் பாடுபட்ட அந்த அசைவைப் பார்த்துத்தான் அது நிஜம் என்று அவர் நம்பினார். செதுக்கிய படத்தை மறுநாள் காட்டியபோது, "நல்லா இருக்குங்க" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் தீர்ப்பு இதுதான். சிறு தொலைநோக்கியில் கோளைப் படம்பிடிப்பது வீண் வேலை அல்ல. மலை ஏறிச் செய்வது பெரும்பாலும் வீண் வேலை. ஏற்காட்டுக்குப் போவதானால் பால்வெளிக்காகப் போங்கள். வியாழனுக்கும் சனிக்கும் சேலத்து மொட்டைமாடி போதும், தண்ணீர்த் தொட்டியிலிருந்தும் பக்கத்து வீட்டு ஏசி மெஷினிலிருந்தும் விலகி நின்றால். எங்கே எடுத்தாலும் அடுக்கிய படத்தோடு மூல வீடியோவிலிருந்து ஒரு பிரேமைப் பக்கத்தில் வையுங்கள். கீழே இடம், தேதி, உலக நேரம், தொலைநோக்கியின் அளவு, எத்தனை பிரேமில் எத்தனை எடுத்தது என்று எழுதுங்கள். வீடியோவை அழிக்கும் முன் ஒரு முறை டிடெக்ட்டில் ஓட்டிவிடுங்கள்.